சம்பந்தி பந்தியில் நடந்த என் பரீட்சை

சரவணா,

உன் கல்யாணத்தில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. சிரிக்காதே. மாலையும் கழுத்துமாக மேடையில் நிற்கிறவனுக்குப் புகையும் போட்டோக்காரனின் விளக்கும் தவிர வேறென்ன தெரியும்? மறுநாள் நீ என்னிடம் வந்து, "ஏம்மா, அவ்ளோ போட்டோ எதுக்கு? யாரு யாரோ வந்து நின்னாங்க, கால் வலி தாங்கல" என்று புலம்பினாய். அத்தனை போட்டோவுக்கும் காரணம் நான்தான் என்று இப்போது சொல்லிவிடுகிறேன். ஏன் அப்படிச் செய்தேன், அதனால் எனக்கு என்ன கிடைத்தது என்பதையெல்லாம் ஒழுங்காக எழுதினால்தான் மனசு ஆறும். இந்த மராட்டி ஊரில் நாம் நடத்துகிற தமிழ்ச் சங்கத்து மலரிலும் "உங்களுக்குக் காலேஜில் கிரெடிட் கிடைத்த கதையை எழுதுங்கள்" என்று கேட்டிருக்கிறார்கள். கட்டுரையெல்லாம் எனக்கு வராது, என் மகனுக்கு ஒரு கடிதம் எழுதுகிறேன், வேண்டுமானால் எட்டிப் பார்த்துப் படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். நீ தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன். "வாய்ஸ் மெசேஜா அனுப்பிரும்மா" என்பாய். அனுப்ப மாட்டேன். பாதியில் அப்பாவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லவும் கூடாது. உங்கள் பாணேர் வீட்டிலிருந்து ஆபீசுக்குப் போகும் வழியில் சிக்னல் விழும்போதெல்லாம் ஒரு பத்தி படி, ஒரு வாரத்தில் முடித்துவிடலாம்.

எங்கிருந்து தொடங்குவது? இன்றைக்கு என் மருமகளாகிவிட்ட மராட்டிப் பெண் அஸ்மிதா முதன்முதலாக நம் நிக்டி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து தொடங்கலாம். நீ அவளைக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார வைத்துவிட்டு, என்ன பேசுவதென்று தெரியாமல் டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அவள்தான் என் மேஜை மேல் கிடந்த பாடப்புத்தகங்களைப் பார்த்து, யாருடையவை என்று கேட்டாள். என்னுடையவைதான் என்றேன். நீ வேலைக்குப் போன பிறகு வீட்டில் பொழுது போகாமல் ஆகுர்டி படிப்பு மையத்தில் பி.பி.ஏ. சேர்ந்ததையும், முதல் வருஷம் முடித்துவிட்டதையும், இரண்டாம் வருஷத்துத் தாள்களைப் பார்த்து மலைத்துப்போய் உட்கார்ந்திருப்பதையும் சொன்னேன். அந்தத் தாள்கள் என்னென்ன என்று கேட்டுப் புரட்டிப் பார்த்தவள், "ஆன்ட்டி, நிகழ்ச்சி நிர்வாகம் என்று ஒரு தாள் இருக்கிறதே, நீங்கள் இத்தனை வருஷமாகச் செய்வது அதுதானே?" என்றாள். வேலையிலோ வாழ்க்கையிலோ கற்றுக்கொண்டதை நிரூபித்துக் காட்டினால் அந்தத் தாளை எழுதாமலே பாஸானதாக எடுத்துக்கொண்டு கிரெடிட் தருகிற வழி ஒன்று இருக்கிறது, எங்கள் ஆபீசில் இரண்டு பேர் அப்படித்தான் டிகிரி முடித்தார்கள் என்றும் சொன்னாள். ஹிந்தியில் அவள் சொல்லச் சொல்ல எனக்கு உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. நீ டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமலே என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "அம்மா, அதெல்லாம் எக்ஸ்பீரியன்ஸ்ல வராதும்மா. நீ ஜஸ்ட் ஹெல்ப்தானே பண்ணே."

அது எனக்கு வலித்தது, சரவணா. அந்தப் பெண் முன்னால் காட்டிக்கொள்ளவில்லை. உன்மேல் கோபம் வந்து, அது உன்மேல் நிற்காமல் என்மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. ஏனென்றால் அந்த வார்த்தையை உனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். நிக்டியிலும் சிஞ்ச்வாடிலும் நம்மவர் வீட்டுக் கல்யாணம், வளைகாப்பு, அறுபதாம் கல்யாணம் எதுவானாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். திருநெல்வேலியிலிருந்து வருகிற சமையல்காரருக்கும் இங்கே பந்தல் போடுகிற மராட்டிக்காரருக்கும் நடுவில் நின்று பேசுவது, யாரை எந்தப் பந்தியில் உட்கார வைப்பது, பூ வரத் தாமதமானால் என்ன செய்வது, கரண்ட் போனால் என்ன செய்வது எல்லாம் என் தலையில்தான். முடிந்ததும் நன்றி சொல்ல வருவார்கள். "சும்மா கூட மாட நின்னேன், அவ்வளவுதானே" என்று சொல்லி அனுப்பிவிடுவேன். நீ சின்ன வயதிலிருந்து அதைக் கேட்டு வளர்ந்தவன். நானே சும்மா என்று சொன்னதை நீ ஹெல்ப் என்று சொன்னால் உன்னை எப்படித் திட்டுவது?

இருந்தாலும் விண்ணப்பித்தேன். அஸ்மிதாதான் வழி காட்டினாள். மூன்று தாள்களுக்குக் கேட்டிருந்தேன். மூன்றில் இரண்டுக்காவது கிடைத்தால் இந்த வருஷமே மூன்றாம் வருஷத்தில் உட்காரலாம். கிடைக்காவிட்டால் இரண்டாம் வருஷத்தை முழுசாகப் படித்தாக வேண்டும். இது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்கள் யாருக்கும் சொல்லவில்லை. இரண்டு வருஷம் என்றால் நடுவில் நிறுத்திவிடுவேன் என்று எனக்கே என்மேல் பயம் இருந்தது. நாளைக்கு உங்களுக்கு ஒரு குழந்தை பிறக்கும், நீங்கள் கூப்பிடுவீர்கள், நானும் ஓடி வந்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

முதல் நேர்காணலுக்குக் கல்யாண ஆல்பங்களைப் பையில் திணித்துக்கொண்டு போனேன். தேஷ்பாண்டே மேடம் என்று ஒரு பேராசிரியை, என் வயதுதான் இருக்கும், பொறுமையாக எல்லாப் படங்களையும் பார்த்தார். பார்த்துவிட்டு, "நிறையச் செய்திருக்கிறீர்கள். ஆனால் செய்ததற்கு நாங்கள் கிரெடிட் தருவதில்லை. செய்ததில் என்ன கற்றுக்கொண்டீர்கள் என்பதற்குத்தான் தருகிறோம்" என்றார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். குழந்தைகளை எப்போதும் முதல் பந்தியில் உட்கார வைக்கிறேன் என்று சொன்னேன் அல்லவா, ஏன் அப்படி? "நாங்கள் அப்படித்தான் செய்வோம்" என்றேன். இலையை ஏன் இந்தப் பக்கத்திலிருந்து போடுகிறீர்கள், மோரை ஏன் தனி ஆளிடம் கொடுக்கிறீர்கள் என்று எதைக் கேட்டாலும் அதே பதில்தான் வந்தது. நாங்கள் அப்படித்தான் செய்வோம். எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு எல்லாப் பதிலும் வரிசையாக வந்தது. பிம்ப்ரியில் ஒரு கல்யாணத்தில் பசி தாங்காமல் குழந்தைகள் அழுது, தாய்மார் எல்லாரும் முகூர்த்தத்துக்கு முன்னாலேயே எழுந்து போய், தாலி கட்டும்போது மண்டபம் பாதி காலியாக இருந்தது. பெண்ணின் அப்பா அன்றைக்கு அழுதார். அதிலிருந்துதான் குழந்தைகளுக்கு முதல் பந்தி. இதை அங்கே சொல்லாமல் பஸ்ஸில் உட்கார்ந்து கண்டக்டரிடமா சொல்ல முடியும்?

மேடம் கடைசியில் ஒரு வழி சொல்லியிருந்தார். பேச்சில் வராவிட்டால் பரவாயில்லை, நான் பொறுப்பில் இருக்கும் ஒரு நிகழ்ச்சிக்கு அவர் நேரில் வந்து பார்க்கலாம், ஆனால் அந்த மாதக் கடைசிக்குள் நடக்க வேண்டும் என்றார். நானும் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து காலண்டரைப் பார்த்தால் அந்த மாதத்தில் இருந்தது ஒரே ஒரு கல்யாணம். உன்னுடையது. மற்ற எந்தக் கல்யாணத்திலும் நான் அடுப்படியிலிருந்து வாசல் வரை ராஜ்ஜியம் பண்ணலாம், இதில் மட்டும் முடியாது. ஏனென்றால் நான் மாப்பிள்ளைக்கு அம்மா. மாப்பிள்ளை வீட்டார் உட்கார வேண்டும், பெண் வீட்டார் ஓட வேண்டும், அதுதானே நம் ஊர் முறை. மராட்டிக்காரர்களிடமும் அதே முறைதான், இன்னும் ஒரு படி மேல். மாப்பிள்ளையின் அம்மாவை விஹிண் என்று சொல்லி, காலைக் கழுவி, தனிப் பந்தி போட்டு, தட்டைச் சுற்றிக் கோலம் போட்டு, பாட்டுப் பாடித்தான் சாப்பிட வைப்பார்கள். உன் மாமியார் ஷுபாங்கி பேங்க் மேனேஜர், இதையெல்லாம் விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அவரோ போனில், "நீங்கள் விரலைக்கூட அசைக்கக் கூடாது, எங்கள் வீட்டு மானப் பிரச்சினை" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது போதாதென்று அம்பாசமுத்திரத்திலிருந்து உன் பெரியத்தை வேறு வந்து இறங்கினாள். வந்ததும் வராததுமாக, "ஏட்டி, நீ மாப்பிள்ளைக்கு அம்மா. அடுப்படிப் பக்கம் உன் தலையக் கண்டேன், அடுத்த வண்டியில ஊருக்குப் போயிருவேன், பாத்துக்கோ" என்றாள். அவள் போக மாட்டாள் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் பயமாக இருந்தது.

தேஷ்பாண்டே மேடத்துக்குப் போன் செய்து, வர வேண்டாம், நான் அந்தக் கல்யாணத்தில் ஒன்றும் செய்யப்போவதில்லை என்றேன். அவர் சிரித்தார். "நானும் மராட்டிக்காரிதான், விஹிண் பந்தி எனக்கும் தெரியும். விருந்துக்காவது வருகிறேனே" என்றார். அன்றைக்கு இராத்திரி உன் அப்பாவிடம் சொல்லி அழுதேன். அவருக்கு ஆறுதல் சொல்ல வராது. எழுந்து போய் ஒரு டம்ளர் மோர் கலக்கிக்கொண்டு வந்து கொடுத்தார்.

இனி நீ பார்க்காத கல்யாணத்துக்கு வருகிறேன். காலையில் நம் முறைப்படி தாலி கட்டி, அவர்கள் முறைப்படி மங்களாஷ்டகம் பாடி அட்சதை போட்டு முடிந்ததும், உங்கள் இருவரையும் மேடையில் விட்டுவிட்டு என்னைக் கையைப் பிடித்து அழைத்துப் போய் உட்கார வைத்தார்கள். சாப்பாட்டுக் கூடத்தின் ஓரத்தில் தாழ்வான மேஜை, வெள்ளித் தட்டு, சுற்றிலும் ரங்கோலி, நடுவில் நான் பட்டுப் பொம்மையாக உட்கார்ந்திருந்தேன். இடது பக்கம் உன் பெரியத்தை, என் முழங்கால் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டு. வலது பக்கம் தேஷ்பாண்டே மேடம், நம் வீட்டு விருந்தாளியாக. ஷுபாங்கியே குனிந்து குனிந்து பரிமாறினார். அவருடைய அக்காக்கள் எதிரில் நின்று என்னைக் கிண்டல் செய்து பாட ஆரம்பித்தார்கள். மருமகளை மிரட்டாதே, பால் கொதித்தால் பழி போடாதே என்று ஏதோ பாட்டு. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் என் கண் முழுக்கக் கூடத்தின் நடுவில் இருந்த நம் ஆட்களின் பந்தியில்தான் இருந்தது. சோறு பரிமாறுகிற பையன் வாளியைச் சாய்த்து, கரண்டியால் அடியைச் சுரண்டுவது தெரிந்தது. அப்போதுதான் முதல் பந்தியில் சாம்பாரே முடிந்திருக்கிறது. ரசம் வரவில்லை, மோர் வரவில்லை, வாசலில் அடுத்த பந்திக்குக் கூட்டம் நிற்கிறது.

என்ன ஆயிற்று என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. கேட்டரிங்காரர் மராட்டிக்காரர். தென்னிந்தியச் சாப்பாடு என்று சொன்னதும் சாம்பார், ரசம், அவியல் எல்லாம் பழுதில்லாமல் செய்துவிட்டார். சோற்றை மட்டும் தங்கள் கணக்கில் வடித்துவிட்டார். அவர்கள் பந்தியில் சோறு என்பது ஒரு சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்த அளவுதான். வரன் என்கிற பருப்பும் நெய்யும் ஊற்றி அதைச் சாப்பிட்டுவிட்டுப் பூரிக்குப் போய்விடுவார்கள். நம்மவர்கள் சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று கை நீட்டுகிறவர்கள். அதிலும் அம்பாசமுத்திரத்திலிருந்து இரண்டு நாள் ரயிலில் வந்தவர்கள்.

ஷுபாங்கிக்கும் செய்தி போய்விட்டது. ஸ்ரீகண்ட் என்கிற இனிப்புத் தயிர்ப் பாத்திரத்தோடு என் முன்னால் குனிந்தார். பாட்டுச் சத்தத்துக்கு அடியில் ஹிந்தியில், "சாதம் தீர்ந்துவிட்டது. கேட்டரர் ஒரு மணி நேரம் ஆகும் என்கிறார். என் மானம் போகப்போகிறது" என்றார். நான் எழுந்திருக்கப் பார்த்தேன். முழங்கால் மேலிருந்த கை இன்னும் அழுத்தியது. "எங்கட்டி எந்திரிக்க? பாட்டு முடியட்டும்" என்றாள் உன் பெரியத்தை. எழுந்து ஓடிப் போய் நானே நாலு வார்த்தை கத்தியிருந்தால் வேலை நடந்திருக்கும். முடியவில்லை. அதனால் தட்டைப் பார்த்துக்கொண்டு, வாயில் ஸ்ரீகண்டை வைத்துக்கொண்டே பேசத் தொடங்கினேன்.

முதலில் காலி வாளியோடு யாரும் கூடத்துக்குள் நடக்கக் கூடாது என்றேன். ஷுபாங்கி, "ஏன்?" என்றார். அந்த நேரத்தில் ஏன் என்று கேட்கிறாரே என்று எனக்கு எரிச்சல். "பேங்கில் காரணம் சொல்லாமல் ஒரு தாள்கூட நகராது, கேட்டரர் என்னைக் கேட்டால் நான் என்ன சொல்ல?" என்றார். சரி என்று காரணத்தையும் சொன்னேன். காலி வாளியைப் பார்த்தால் வயிறு நிறைந்தவனும் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்பான், தீர்ந்துபோகிற பயம் பசியைவிட வேகமாகப் பரவும். அடுத்து, உங்கள் பந்திக்குப் போட்ட பூரி மலையாகக் குவிந்திருக்கிறதே, அதைச் சுடச்சுட எங்கள் பந்திக்கு அனுப்புங்கள், உருளைக்கிழங்குக் கறியோடு. ஏன்? பூரி சாப்பிட்டவன் சோற்றைப் பாதியாகக் குறைப்பான், அதோடு புது ஐட்டம் வந்தால் காத்திருக்கிறோம் என்ற நினைப்பே வராது. ரசத்தை டம்ளரில் ஊற்றி இப்போதே கொடுங்கள். ஏன்? உங்கள் ஆட்கள் அதை சூப் என்று குடிப்பார்கள், எங்கள் ஆட்கள் ஊதி ஊதிக் குடிக்க நேரமாகும். ஷுபாங்கி ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டு போவார், சொல்லிவிட்டு வேறொரு பாத்திரத்தோடு திரும்பி வருவார். ஜிலேபி, வடை, கோஷிம்பீர் பச்சடி என்று என் தட்டு நிறைந்துகொண்டே போனது. உன் பெரியத்தைக்கு ஹிந்தி தெரியாதா, அவளுக்கு ஒரே பூரிப்பு. "சம்பந்தி என்னட்டி சொல்லுதா, இப்படி ஓடி ஓடி வாராளே?" என்று கேட்டாள். "இன்னும் ரெண்டு ஜிலேபி வச்சிக்கிடச் சொல்லுதாவ மதினி" என்றேன். "மரியாதை தெரிஞ்ச குடும்பம்" என்று தலையாட்டினாள்.

இனி சோறுதான் பாக்கி. பெரிய அண்டாவில் வைக்க வேண்டாம், கிடைக்கிற சின்னப் பாத்திரங்களில் பிரித்து எல்லா அடுப்பிலும் வையுங்கள், சாம்பாரை இறக்கிவிடுங்கள் என்றேன். ஏன்? சின்னப் பாத்திரம் சீக்கிரம் வேகும், சாம்பார் இறக்கினாலும் சூடு ஆறாது. தண்ணீரை டீக்காரரின் பாய்லரிலிருந்து எடுங்கள். இதற்கு அவர் ஏன் என்று கேட்கவில்லை, பாத்திரத்தை என் மடியில் போடாத குறையாக வைத்துவிட்டு ஓடினார். கொதிக்கிற தண்ணீர் தயாராக இருக்கும்போது உலை கொதிக்கக் காத்திருப்பானேன் என்பது அவருக்கே விளங்கிவிட்டது. கடைசியாக, வாசலில் நிற்கிற அடுத்த பந்தி. அவர்களைக் காத்திருங்கள் என்று சொன்னால் முகம் சுளிப்பார்கள். அவர்களை மேடைக்கு அனுப்புங்கள், குடும்பம் குடும்பமாக மாப்பிள்ளை பெண்ணோடு போட்டோ எடுக்க வேண்டும் என்று மைக்கில் சொல்லுங்கள் என்றேன். ஏன்? போட்டோவுக்கு நிற்பவனுக்குக் காத்திருப்பது தெரியாது. உனக்குத்தான் கால் வலித்தது. மன்னித்துக்கொள், கண்ணா.

சோறு வந்தது. ரசச் சோறும் மோர்ச் சோறும் சாப்பிட்டு ஏப்பம் விட்டு எழுந்தார்கள் நம்மவர்கள். பூரியும் போட்டார்கள், பெரிய கை என்று பெண் வீட்டாரைப் புகழ்ந்ததை நானே காதால் கேட்டேன். ஷுபாங்கி கடைசியாகத் தண்ணீர் ஊற்ற வந்தபோது என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார். அவர் கண்ணும் கலங்கி என் கண்ணும் கலங்கியது. பாட்டைக் கேட்டுத்தான் அழுகிறோம் என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். வலது பக்கம் இருந்த தேஷ்பாண்டே மேடத்தின் ஞாபகமே எனக்கு அப்போதுதான் வந்தது. அவர் நிதானமாகக் கை கழுவி, ஸ்ரீகண்ட் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். போச்சு என்று நினைத்தேன். மூன்று தாளுக்கு விண்ணப்பித்துவிட்டு, மேடத்தின் முன்னால் நான் செய்ததெல்லாம் ஜிலேபி தின்றதுதான்.

அடுத்த வாரம் கூப்பிட்டார்கள். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் எதையும் நேரில் செய்து காட்ட முடியவில்லை, மன்னிக்க வேண்டும் என்று ஆரம்பித்தேன். மேடம் கையைக் காட்டி நிறுத்தினார். "நீங்கள் எழுந்து போய்ச் செய்திருந்தால் உங்கள் கை வேகத்தைத்தான் நான் பார்த்திருப்பேன். ஒவ்வொன்றுக்கும் காரணம் சொன்னீர்களே, அதைக் கேட்கத்தான் நான் வந்தேன்" என்றார். எனக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை. ஆனால் அவர் விடவில்லை, அடுத்த கேள்வியில் என்னைப் பிடித்துவிட்டார். "சோறு பற்றாது என்று உங்களுக்கு முதன்முதலில் எப்போது தெரியும்?" பொய் சொல்ல மனசு வரவில்லை. சமையல் பட்டியலை ஷுபாங்கி எனக்கு அனுப்பிய அன்றே சந்தேகம் வந்தது என்றேன். "அப்புறம் ஏன் சொல்லவில்லை?" மாப்பிள்ளை வீட்டார் சாப்பாட்டைப் பற்றிப் பேசினால் குறை சொல்கிற மாதிரி ஆகிவிடும், அதிகாரம் பண்ணுகிறார்கள் என்று நினைப்பார்கள், மரியாதைக்காகப் பேசாமல் இருந்தேன் என்றேன். சொல்லும்போதே எனக்கு விளங்கியது. அந்த மரியாதையால் ஷுபாங்கியின் மானம் அல்லவா போகவிருந்தது? இதில் என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டார். "இரண்டு வீட்டுச் சமையல் சேருகிற இடத்தில் முதல் நாளே உட்கார்ந்து பேசிவிட வேண்டும், பேசாமல் இருப்பது மரியாதை இல்லை" என்றேன். மேடம் எழுதிக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர் வரவு செலவுத் திட்டம் பற்றிக் கேட்டார். அதை எப்போதும் அந்தந்த வீட்டு ஆண்கள் பார்த்துக்கொள்வார்கள், எனக்குத் தெரியாது, அந்தத் தாளை நான் படித்தே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

இந்தக் கடிதத்தில் உனக்கு அறிவுரை எங்கே என்று தேடுவாய். தேடாதே, இதுதான். உங்கள் வீட்டிலும் இரண்டு வீட்டுச் சமையல் சேருகிறது. அஸ்மிதாவுக்குப் பிடிக்காது என்று நீயாக நினைத்துக்கொண்டு எதையும் விழுங்காதே, உனக்குக் கோபம் வருமோ என்று அவளையும் விழுங்க விடாதே. அவள் ஏன் என்று கேட்டால் எரிந்து விழாதே. ஏன் என்று கேட்க அன்று ஷுபாங்கி இல்லாதிருந்தால் எனக்குத் தெரிந்தது எனக்கே தெரியாமல் போயிருக்கும். இன்னொன்று, வீட்டில் அவள் செய்வதையோ நீ செய்வதையோ ஜஸ்ட் ஹெல்ப் என்று சொல்லாதே. நானும் இனிமேல் சும்மா என்று சொல்ல மாட்டேன், சொன்னால் நீ என்னைத் திருத்தலாம்.

முடிவு வந்த அன்று நீங்கள் இருவரும் கொங்கணில் கடலில் குளித்துக்கொண்டிருந்தீர்கள். போன் எடுக்கவில்லை. அப்பா ஷிப்டில் இருந்தார். நான் நிக்டி காய்கறிச் சந்தையில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். மெசேஜைத் திறந்தால், இரண்டு தாள்களுக்குக் கிரெடிட், வரவு செலவுக் கணக்குத் தாள் மட்டும் எழுத வேண்டும், மூன்றாம் வருஷத்தில் சேரலாம் என்று இருந்தது. திரும்பத் திரும்பப் படித்தேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன் போல இருந்தது. காய்கறிக்காரப் பெண்ணிடம், "மீ பாஸ் ஜாலே" என்றேன். பாஸாகிவிட்டேன் என்று நான் சொன்னதும் அவள் தராசைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அப்புறம் ஒரு கட்டுக் கொத்தமல்லியைப் பையில் சும்மா போட்டு, "பேடே குடே?" என்றாள். பால்பேடா எங்கே என்கிறாள். அதானே, இந்த ஊரில் பாஸானால் பேடா கொடுக்காமல் எப்படி? நேரே கடைக்குப் போய் ஒரு பெரிய பெட்டி வாங்கினேன். ஷிப்ட் முடிந்து வந்த அப்பாவிடம் மெசேஜைக் காட்டினேன். இரண்டு, மூன்று, கிரெடிட், கணக்கு என்று நான் விளக்க விளக்க, "அதெல்லாம் எனக்குப் புரியல. பாஸா பெயிலா, அதச் சொல்லு" என்றார். பாஸ் என்றேன். சட்டையைக்கூட மாற்றாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "வா, மொதல்ல பாட்டீல் வீடு" என்று எனக்கு முன்னால் படியிறங்கினார்.

கதவைத் திறந்த கீழ்வீட்டு பாட்டீல் வஹினி, நமக்கு அண்ணி மாதிரி, பேடாப் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அவருக்குக் கண் விரிந்துவிட்டது. மகனுக்குக் கல்யாணமாகி ஒரு மாதம், அம்மா இனிப்போடு வந்து நிற்கிறாள், வேறென்ன நினைப்பார்? என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "அதற்குள்ளேயா! அஸ்மிதா எப்படி இருக்கிறாள்?" என்று கூவி, உள்ளே இருந்தவர்களையும் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். உன் அப்பா சிரிப்பை அடக்க முடியாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். "அதெல்லாம் இல்லை வஹினி. பாஸானது நான்" என்றேன். அவர் மற்றவர்களைக் கூப்பிடுவதை நிறுத்தினார். பிறகு பெட்டியிலிருந்து ஒரு பேடாவை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொள்ளாமல் என் வாயில் வைத்தார். "பாஸானவளுக்குத்தான் முதலில்" என்றார்.

உன் பத்தாவதுக்கும் பன்னிரண்டாவதுக்கும் இன்ஜினியரிங்குக்கும் முதல் பேடாவை உன் வாயில் வைத்தது நான். ஊரில் நான் பிளஸ் டூ பாஸான அன்றைக்கும் வீட்டில் இனிப்பு கொடுத்தார்கள். அது எனக்குக் கல்யாணம் நிச்சயமானதற்கு. பாஸானதைப் பற்றி யாரும் பேசவில்லை, எனக்கும் பேசத் தோன்றவில்லை. பாட்டீல் வீட்டு வாசலில் வாய் நிறையப் பேடாவோடு நின்று நான் தேம்பித் தேம்பி அழுதேன், சரவணா. அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

உங்களுக்குப் பேடா எடுத்து வைத்திருக்கிறேன், அப்பா பார்ப்பதற்குள் வர வேண்டும். சனிக்கிழமையே வந்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை எனக்கு வகுப்பு இருக்கிறது.

அம்மா